உப்பு எவ்வளவு

சாக்கைக் கவிழ்த்து மறுகா கொட்டிவிட்டேன்
முற்றத்துச் சிமெந்தில், மூன்றாவது தரம்.
நாலு இரவு. குஞ்சங்குளத்துக் கட்டால் இறங்கினால்
ஆறு மைல், பிறகு மைல் என்று சொல்ல ஒன்றுமில்லை,
வீரைமரம், முள்ளு, வற்றின ஓடை, முள்ளு.
இருபது கிலோவுக்கு மேல் முதுகு ஏலாது;
போன வருசம் சிமெந்துப் பை இறக்கியதில்
விலகின எலும்பு அப்படித்தான் சொல்கிறது.

கத்தி இரண்டு: வழி வெட்ட ஒன்று, உரிக்க ஒன்று.
கோடாலி நேசதுரையிடம்.
தண்ணீர்க் கானில்தான் சண்டை.
புரட்டாதி வெயிலுக்கு மடு காய்ந்திருக்கும் என்கிறேன்.
காயாதாம். போன கிழமை மாடு தேடிப் போனவன்
அதில் முகம் கழுவிவிட்டு வந்தானாம்.
எவனோ கழுவின முகத்தை நம்பி
நான் அஞ்சு லீட்டரைக் குறைக்கவா?
அரிசியைக் குறைத்தேன்.

ஆனைவெடி நாலு. ஒன்று ஈரம், எது என்று தெரியாது.
டோர்ச்சுக்குப் புதுப் பற்றரி:
பாதையின் குறுக்கே மினுங்குவது
சிலந்தி நூலா, கட்டுத்துவக்கின் கம்பியா என்று
காலிடம் கேட்க ஏலாது.
குட்டி போட்ட செவலை கட்டில் கிடக்கட்டும்,
கட்டையன் வரட்டும்.
நாய் தன்னைத் தானே சுமக்கும்,
தன் சோற்றை என் முதுகில் ஏற்றும்.

தீப்பெட்டி மூன்று.
சட்டைப்பையில் ஒன்று, அரிசிக்குள் ஒன்று,
பொலித்தீனில் சுற்றித் தொப்பி மடிப்பில் ஒன்று.
ரஞ்சிதமலர் சிரிக்கிறாள். அவளும் அப்போது இருந்தவள்தானே.
ஷெல் விழுந்த அந்த மார்கழியில்
கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில்
என் கைக்கு அகப்பட்டது சுவர் மணிக்கூடு.
மூன்று நாள் இதே காடு, விடாத மழை.
நெருப்பில்லை.
எத்தனை மணி எத்தனை நிமிசத்தில்
பச்சை அரிசி மென்றோம் என்பது மட்டும்
பிழையில்லாமல் தெரிந்தது.
அது இன்னும் எங்கள் சுவரில்தான்,
பத்து நிமிசம் முந்தி ஓடுகிறது. யாரும் திருத்துவதில்லை.

கடைசியில் உப்பு.
பன்றி விழுந்தால் வத்தல் போட மூன்று கிலோ.
உடும்போடு சரி என்றால் ஒரு சிறங்கை.
ஒன்றுமே இல்லையென்றால்
கஞ்சிக்கு ஒள்ளுப்பம் காணும்.
உப்பை அள்ளும்போது கை
இன்னும் காணாத மிருகத்தை நிறுத்துக்கொண்டிருக்கிறது.
‘மூண்டையும் போடுகா மச்சான்,
ஆசை இல்லாதவன் சந்தையில போய் வாங்கட்டும்’
வேலிக்கு அப்பால் நேசதுரை.
‘சாகாத பண்டிக்கு உப்புப் போடாதீங்க’
அள்ளினதில் பாதியைத் திரும்பச் சட்டியில் கொட்டுகிறாள் அவள்.
ஒன்றரைக் கிலோ.
ரெண்டு பேருக்கும் பிடிக்காத அளவு.

நெல் நிறுக்கிற தராசில் சாக்கைத் தூக்கினேன்.
இருபத்தொன்றரை.
முள் ஆடி அடங்கும்வரை
மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
உப்பை மட்டும் இறக்கினால் சரியாக இருபது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கானைத் திறந்தேன்.
நின்ற நிலையில், மூச்சு விட்டு விட்டு,
கண்ணில் நீர் வர,
ஒன்றரை லீட்டரையும் குடித்து முடித்தேன்.
மடுவில் தண்ணீர் கிடந்தால் பன்றி வரும்.
கிடக்காவிட்டால்
உப்பைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

சாக்கு இருபது.
கட்டையன் முன்னுக்கு ஓட,
வயிறு குலுங்கக் குலுங்கக் குளக்கட்டில் ஏறினேன்.
‘பொறு மச்சான்’ என்றேன் கால் மைலுக்குள்,
பற்றைக்குப் பின்னால் ஒதுங்கி.